நாக்குக்குப் பிடித்ததா, கைக்கு எட்டியதா?

கல்யாண வீட்டு மாடியிலோ லாட்ஜ் அறையிலோ நாலு பேர் கூடும்போது, என் பெரியப்பா மகன் தவறாமல் ஒரு வசனம் சொல்வார்: "விஸ்கி நமக்குச் சூடுடா தம்பி. பிராந்திதான் உடம்புக்கு ஒத்துக்கும்." மதுரைப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வருடமாக அதே பிராந்தி, அதே அளவு தண்ணீர், அதே மாங்காய் ஊறுகாய். இது தன் சொந்த ருசி என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது.

நான் டெல்லியில் வேலை பார்த்தபோது பிராந்தி என்றாலே கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சளி பிடித்தால் தாத்தா இரண்டு ஸ்பூன் குடிப்பாரே, அதுவா என்பார்கள். அங்கே எல்லோருக்கும் விஸ்கி. கேட்டால் அவர்களும் "எனக்குப் பிடிக்கும்" என்றுதான் சொன்னார்கள்.

இந்தியாவில் விற்கும் பிராந்தியில் பெரும்பங்கு தென்மாநிலங்களிலேயே காலியாகிறது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவைதான் அதன் கோட்டை. மேன்ஷன் ஹவுஸ் உலகத்தில் அதிகம் விற்கும் பிராந்திகளின் வரிசையில் நிற்பது இந்தச் சில மாநிலங்களின் தயவில்தான். சரி, ருசி ஆளுக்கு ஆள் மாறுவது என்றால், அது எப்படி இவ்வளவு ஒழுங்காக மாநில எல்லையில் வந்து நிற்கிறது?

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் பிராந்தி என்றால் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தது. டச்சுக்காரர்களின் 'பிராண்டவைன்', அதாவது 'எரித்த வைன்', என்ற சொல்தான் தேய்ந்து பிராந்தி ஆனது. விஸ்கி என்றால் தானியத்தில் வடித்து, குறைந்தது மூன்று வருடம் மரப்பீப்பாயில் கிடந்தது. நம் ஊரில் மலிவு விலையில் கிடைக்கும் சரக்கின் கதை வேறு. சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருப்பான கழிவுப்பாகைப் புளிக்கவைத்து, வாசனையே இல்லாத சுத்தச் சாராயமாக வடிக்கிறார்கள். அதில் நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, மணத்துக்கு எசன்ஸ், பேருக்குக் கொஞ்சம் உண்மையான விஸ்கி அல்லது திராட்சைச் சாராயம் சேர்த்தால் பாட்டில் தயார். 'பிளெண்டட் பிராந்தி' என்று போட்டுக்கொள்ள நூற்றுக்கு 2 பங்கு திராட்சைப் பிராந்தி இருந்தால் போதும் என்கிறது நம் உணவுத் தரச் சட்டம். இப்படிச் செய்த விஸ்கியை ஐரோப்பாவில் விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது.

ஆக, அண்ணனுக்குச் சூட்டைக் கிளப்பும் விஸ்கியும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் பிராந்தியும் பெரும்பாலும் ஒரே கரும்புப்பாகின் பிள்ளைகள். இதை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "உனக்கு என்னடா தெரியும்" என்று முடித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாக்கு ஏமாறுவதில் கற்றவர்களுக்கும் பங்கு உண்டு. பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் மது பற்றிப் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. சிவப்பு வைனுக்குச் சொல்லும் வர்ணனைகளையெல்லாம் அவர்கள் அதற்குச் சொன்னார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒரே வைனை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் வைன்தான் நன்றாக இருந்தது என்றார்கள். இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாகவே வேலை செய்ததை ஸ்கேன் காட்டியது. எதிர்பார்ப்பும் ருசியில் கலக்கும் ஒரு பொருள்தான் போல.

பிராந்தி மேல் தென்னாட்டுக்கு இருக்கும் எதிர்பார்ப்பு மருந்து வழியாக வந்தது என்பது என் கணிப்பு. 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்கார மருத்துவர்கள் மயக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் நாடி தளர்ந்தவர்களுக்கும் பிராந்தி எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் காலத் துரைமார்கள் மாலையில் குடித்ததும் 'பிராந்தி பானி'தான். விஸ்கி சோடா பிறகு வந்தது. துரை போனாலும் மருந்துப்பெட்டியில் பாட்டில் தங்கிவிட்டது. குளிர்ஜுரத்துக்கு ஒரு ஸ்பூன், பிள்ளை பெற்றவளுக்கு முட்டையோடு கொஞ்சம் என்று, குடிப்பழக்கமே இல்லாத வீடுகளிலும் அது நுழைந்தது. மதுவிலக்குக் காலத்தில் உடல்நலக் காரணம் காட்டிப் பெர்மிட் வாங்கியவர்களும் இருந்தார்கள். 'உடம்புக்காகக் குடிக்கிறேன்' என்பதுதான் அன்றைக்கு ஒருவர் வெளியில் சொல்லக்கூடிய ஒரே காரணம். அந்தச் சாக்கு விஸ்கிக்கு வாய்க்கவில்லை.

இந்தச் சூடு, குளிர்ச்சிக் கணக்கு பீருக்கும் உண்டு. சித்திரை வெயிலில் "பீர் குளிர்ச்சி" என்று வாங்குபவர்கள் எத்தனையோ பேர். மது எதுவானாலும் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் மேலே கதகதப்பாகத் தெரியும், உள்ளே உடம்புச் சூடு குறையும். சிறுநீரும் கூடுதலாகப் பிரியும். பாட்டில் மேல் என்ன பெயர் இருக்கிறது என்பதை உடம்பு பார்ப்பதில்லை. போகட்டும், தமிழில் 'பிராந்தி' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்தது, மயக்கம், திரிபான எண்ணம் என்று பொருள். தற்செயல்தான் என்றாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்க வேண்டியதில்லை.

மருந்துக் கதை பாதிதான். மீதிப் பாதி, வேறு என்ன கிடைத்தது என்பதில் இருக்கிறது. இந்த மண்ணின் சொந்த மது கள். பனையும் தென்னையும் இருந்தால் போதும். விடியற்காலையில் இறக்கி, மாலைக்குள் குடித்து முடிக்க வேண்டிய, பீர் அளவுக்கே போதை தரும் பானம். சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 முதல் ராஜாஜி அரசு மதுவிலக்கு கொண்டுவந்தது. பிறகு அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு கடைகளைத் திறந்தது, 1974இல் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது, இன்றுவரை அது நீங்கவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே போய்விட்டது.

இந்த வரிசையின் விளைவைக் கவனித்தால், லேசான உள்ளூர்ப் பானம் சட்டத்துக்கு வெளியே போயிற்று, 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள சரக்கு அரசாங்கக் கடையில் சட்டப்படி கிடைக்கிறது. 2023-24இல் இந்தக் கடைகள் வழியாக அரசுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். பனைமரத்துக்கு இப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் கள்ளுக்கடைகள் லைசென்ஸோடு நடக்கின்றன. மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்து உட்கார்ந்து குடிக்கிறார்கள். புதுச்சேரியிலும் கள்ளும் சாராயமும் கடையில் உண்டு. யாழ்ப்பாணத்தில் கள் விற்கும் இடத்துக்குத் 'தவறணை' என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது. பனையோலையை மடித்துக் கோலிய 'பிளா'வில் ஊற்றிக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் நாட்டுக்கே அடையாளமாகிவிட்டது. மரம் எல்லா இடத்திலும் அதேதான். சட்டம்தான் வேறு.

'பிடித்தது' என்பது எல்லைக் கோட்டோடு மாறுவது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஆங்கிலேயக் கனவான்களின் அடையாளமாகச் சொல்லப்படும் போர்ட் வைனை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேட்டுக்குடிக்குப் பிரெஞ்சுச் சிவப்பு வைன் மேல்தான் மோகம். பிரான்சோடு சண்டை வந்தது. 1703இல் போர்ச்சுகலோடு மெத்யூன் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சு வைனுக்கு விதிப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே போர்த்துக்கீசிய வைனுக்கு வரி என்று ஆயிற்று. கப்பலில் கெடாமலிருக்க அதில் பிராந்தி சேர்க்கும் வழக்கமும் நாளடைவில் நிலைத்தது. இரண்டு தலைமுறைக்குள் அந்த இனிப்பான, கனமான வைன் 'ஆங்கிலேயனின் ருசி' ஆகிவிட்டது.

அதே ஊரில் பிராந்தி இடத்தை விஸ்கி பிடித்ததற்கு ஒரு பூச்சிதான் காரணம் என்றால் நம்புவீர்களா? 1860களில் தொடங்கி பிலாக்செரா என்ற சிறு பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றது. பிரான்சின் பேர்பெற்ற பிராந்தியான கோன்யாக் கிடைக்கவில்லை. துரைமார்களின் பிராந்தி சோடா, விஸ்கி சோடாவாக மாறியது அந்தச் சமயத்தில்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் கலப்பு விஸ்கியோடு காத்திருந்தார்கள். பிராந்தி திரும்பி வந்தபோது நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தார்.

கொரியாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. சோஜு ஆதியில் அரிசியைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்த கனமான சாராயம். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், 1965இல், தானியத்தில் சாராயம் காய்ச்சக்கூடாது என்று அரசு தடுத்தது. ஆலைகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் மரவள்ளியிலும் சுத்தச் சாராயம் எடுத்து, தண்ணீரும் இனிப்பும் கலந்து பாட்டிலில் அடைத்தன. நம் ஊர்ச் சரக்கின் ஒன்றுவிட்ட சகோதரன். பிற்பாடு தடை தளர்ந்தும் கொரியர்கள் அந்தக் கலவையை விடவில்லை. அதற்குள் இரண்டு தலைமுறை அதிலேயே காதலித்து, வேலை போய், அழுது, சிரித்து முடித்திருந்தது. 30 சதவீதத்தில் இருந்த போதை அளவு இன்று 16 வாக்கில் வந்து நிற்கிறது.

ஜப்பானில் பீருக்கான வரி, அதில் எவ்வளவு மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், இருக்கிறது என்பதைப் பொறுத்து விதிக்கப்பட்டது. ஆலைகள் மால்ட்டைக் குறைத்து 'ஹப்போஷு' என்ற பீர் மாதிரிப் பானத்தை 1994இல் இறக்கின. பார்த்தால் பீர், குடித்தால் ஏறக்குறைய பீர், வரி மட்டும் குறைவு. அதையே விரும்பிக் குடித்து வளர்ந்தவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள்.

உடம்பின் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பான், கொரியா, சீனாவில் மூவரில் ஒருவருக்கு மேல் ஒரு மரபணு மாற்றம் உண்டு. மது உடம்பில் உடையும்போது உண்டாகும் நச்சுப்பொருளை அவர்களால் சீக்கிரம் அப்புறப்படுத்த முடியாது. இரண்டு மடக்கிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அப்படியும் அந்த நாடுகளில் அலுவலகக் குடிவிருந்துகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. உடம்பு வேண்டாம் என்றாலும் மேலதிகாரி ஊற்றினால் மறுக்க முடியாத வழக்கம்!

ஊற்றும் விதத்தில் ஒவ்வொரு ஊரும் தன் சமூகத்தையே வரைந்து வைத்திருக்கிறது. ஜப்பானில் அவரவர் கோப்பைக்கு அவரவர் ஊற்றிக்கொள்வது மரியாதையில்லை. பக்கத்தில் இருப்பவரின் கோப்பை பாதியாகும்போதே கவனித்து நிரப்ப வேண்டும். கொரியாவில் பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்றுவார்கள், இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பார். ஆனால் கோப்பை காலியாகுமுன் ஊற்றக்கூடாது. மீதி இருக்கும் கோப்பையில் மேலே ஊற்றுவது இறந்தவர்களுக்குப் படைக்கும் சடங்கை நினைவுபடுத்தும் என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் உபசாரம், இந்தப் பக்கம் அபசகுனம். ஜார்ஜியாவில் விருந்துக்கு 'தமதா' என்று ஒரு தலைவர் உண்டு. அவர் எழுந்து முன்னோருக்கு, இறந்தவருக்கு, பிள்ளைகளுக்கு என்று வரிசையாக வாழ்த்துச் சொல்லச் சொல்லத்தான் எல்லோரும் குடிக்க வேண்டும். மண்ணில் புதைத்த பெரிய சாடிகளில் வைன் செய்யும் அவர்களுடைய முறையை யுனெஸ்கோ 2013இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்கித் தரும் 'ரவுண்ட்' வழக்கம் எவ்வளவு ஊறியது என்றால், முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிலாளர்கள் அதிகம் குடிக்கிறார்கள் என்று, அடுத்தவருக்கு வாங்கித் தருவதையே 1915இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மனைவிக்கு வாங்கிக் கொடுத்த கணவனுக்கே அபராதம் விழுந்தது.

நம்முடைய அளவைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஃபுல் 750 மில்லி, ஆஃப் 375, குவார்ட்டர் 180. கால் பங்கு என்றால் 187.5 வர வேண்டும். அந்த ஏழரை மில்லி எங்கே போயிற்று என்று எந்தக் குடிமகனும் கேட்டு நான் பார்த்ததில்லை. குவார்ட்டரில் பாதி கட்டிங். கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து "கட்டிங் சேர்ந்துக்கிறீங்களாண்ணே" என்று கேட்பதும், இருவரும் காசு போட்டு வாங்கி, கண்ணளவில் சரிபாதி ஊற்றி, குடித்து, பேர்கூடக் கேட்காமல் பிரிந்து போவதும் இங்கே மட்டுமே நான் கண்ட ஒரு நட்புமுறை.

அந்தக் குவார்ட்டருக்குள் என்ன போகிறது? 42.8 சதவீதம் என்ற வினோதமான எண், சரக்கின் வீரியத்தை அளந்த பழைய பிரிட்டிஷ் 'புரூஃப்' அளவின் மிச்சம். அவர்கள் கணக்கில் 75 டிகிரி. 180 மில்லியில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். பல நாடுகளில் ஒரு 'டிரிங்க்' என்பது 10 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். 360 மில்லி சோஜு பாட்டில் ஒன்றில் சுமார் 45 கிராம். அதைச் சின்னக் கோப்பையில் ஊற்றினால் ஏழு வரும். ஏழு என்பது இரண்டு பேருக்கும் சரியாகப் பிரியாது, மூன்று பேருக்கும் பிரியாது, அதனால்தான் அடுத்த பாட்டில் திறக்கிறது என்பது கொரியர்களின் வேடிக்கை. அவர்கள் பன்றி இறைச்சியை வாட்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். நம் ஆள் டம்ளரில் ஊற்றி, வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, ஒரே மூச்சில் இறக்கி, ஊறுகாயை நக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்.

இந்த வேகம் தமிழன் ரத்தத்தில் இருக்கிறது என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவைக் காட்டலாம். 1916இல் தொடங்கி அங்கே பல மாநிலங்களில் மாலை ஆறு மணிக்கு பார்களை மூடச் சட்டம் வந்தது. வேலை விடுவது ஐந்து மணி. அந்த ஒரு மணி நேரத்தில் ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றபடியே பீரை ஊற்றிக்கொண்டார்கள். 'சிக்ஸ் ஓ கிளாக் ஸ்வில்' என்று அதற்குப் பேரே உண்டு. ஸ்வில் என்றால் பன்றிக்கு ஊற்றும் கழுநீர். இடம் அடைக்கிறது என்று நாற்காலிகளும் பில்லியர்ட்ஸ் மேசைகளும் வெளியே போயின, கழுவ வசதியாகச் சுவரில் ஓடு பதித்தார்கள். 1967இல் தெற்கு ஆஸ்திரேலியா கடைசியாகக் கைவிடும் வரை அரை நூற்றாண்டு இப்படி ஓடியது. குடியைக் குறைக்கக் கொண்டுவந்த சட்டம் குடிக்கும் விதத்தை மாற்றியது. நம் ஊரில் அவசரத்துக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமே போதும். உட்கார நல்ல இடம் கிடையாது, வீட்டில் வைத்துக் குடிக்க முடியாது. மெதுவாகக் குடிக்கச் சௌகரியம் வேண்டும்.

போதையில் எப்படி நடந்துகொள்வது என்பதும் கற்ற வித்தைதான். டுவைட் ஹீத் என்ற மானிடவியலாளர் 1950களில் பொலிவியாவின் கம்பா மக்களிடையே தங்கினார். அவர்கள் குடித்தது 89 சதவீத ஆல்கஹால், கிட்டத்தட்ட எரிசாராயம். வாரக்கடைசியில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே குவளையை ஒருவர் மற்றவருக்கு வாழ்த்திக் கொடுத்துக் கொடுத்துக் குடிப்பார்கள். மயங்கித் தூங்குவார்கள், எழுந்து மறுபடி குடிப்பார்கள். அடிதடியோ ரகளையோ அவர் பார்க்கவில்லை. நம் தெருமுனையில் 43 சதவீதத்துக்கே சட்டை கிழிகிறது.

இன்னொரு வழக்கம் நமக்கு இயற்கைபோலவே தோன்றுவது, குடி ஆண்களுடையது என்பது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் மது அருந்துவதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வில் அருணாசலப் பிரதேசத்தில் ஆண்களில் பாதிக்கு மேல், பெண்களில் சுமார் 24 சதவீதம். அங்கே 'அபோங்' என்ற அரிசி மதுவை வீட்டில் செய்வதே பெண்கள்தான். விருந்தாளிக்கு நாம் காப்பி நீட்டுவதுபோல அதை நீட்டுகிறார்கள். நம் பழைய வழக்கம்கூட வேறாக இருந்திருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் கள் பகிர்ந்த முறையைத்தான் முதலில் நினைத்து அழுகிறது: கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். ஒரு பெண் புலவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் பாடியது.

போன தீபாவளிக்குக் குருகிராமில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஊருக்கு வந்தான். அப்பாவுக்கென்று ஒரு விஸ்கி பாட்டில் வாங்கி வந்திருந்தான். அண்ணன் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்தார். "நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா சூடு" என்று மூடி அலமாரிக்குள் வைத்தார். பிறகு தன் பிராந்தியில் பையனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினார். அப்பா கையால் முதல்முறையாக வாங்குகிறான் போலிருக்கிறது. அவன் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குடித்தான்.